களைநாசினியும் நமது உடலும்: எது உறுதி, எது ஐயம்

களைநாசினி பற்றி நமது ஊர்களில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. ஒன்று, "இந்த மருந்தாலதான் கிட்னி பழுதாகுது, கென்சர் வருது, எல்லாத்துக்கும் இதுதான் காரணம்" என்பது. மற்றது, "தடை போட்ட அரசாங்கமே திரும்பக் கொண்டு வந்திட்டுது, ஒண்டும் செய்யாது, நானும் இருவது வருசமா அடிக்கிறன்" என்பது. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் வயல் செய்யும் உறவினரோடும் நண்பர்களோடும் கதைக்கும்போது இந்த இரண்டையும் ஒரே நாளில், சிலவேளை ஒரே வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

இரண்டு பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன. எல்லாவற்றுக்கும் மருந்துதான் காரணம் என்று நம்புபவர், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடுகிறார். ஒன்றும் செய்யாது என்று நம்புபவருக்கோ எதையும் செய்ய வேண்டிய தேவை இல்லை. ஆகவே இக்கட்டுரையில் நான் செய்ய முனைவது ஒரு பிரித்தெடுப்பு வேலை மட்டுமே. ஆய்வுகள் உறுதியாகச் சொல்வது எது, இன்னும் ஐயத்தில் இருப்பது எது, ஐயம் தீரும் வரை காத்திருக்காமல் நாம் இப்போதே செய்யக் கூடியது எது என்று வேறுபடுத்திப் பார்க்கலாம்.

வயலுக்குள் வந்த வழி

நாற்று நட்ட காலத்தில் களைக்கு எதிராக விவசாயியிடம் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. ஒன்று தேங்கி நிற்கும் தண்ணீர். மற்றது களை பிடுங்கும் கைகள். பெரும்பாலும் பெண்களின் கைகள். விதைப்பு முறை பரவிய பிறகு நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கத் தொடங்கின. கோரை எது, பயிர் எது என்று பார்த்துப் பிடுங்கக் கூலிக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. அந்த இடத்தை இரசாயனம் பிடித்துக்கொண்டது. இன்று களைநாசினி இல்லாமல் வயல் செய்யச் சொல்வது, இல்லாத கூலியாட்களைக் கொண்டு வரச் சொல்வதற்குச் சமம். இதை ஒப்புக்கொள்ளாமல் எழுதப்படும் எந்த அறிவுரையையும் விவசாயி காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

உலகளவில் இதன் தொடக்கம் 1940களில். டூ-ஃபோர்-டி, எம்.சி.பி.ஏ. ஆகிய இரண்டும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, போர் முடிந்ததும் சந்தைக்கு வந்தவை. அகன்ற இலைக் களைகளைக் கொன்று புல்லினப் பயிர்களை விட்டுவிடும் தன்மை அவற்றுக்கு இருந்ததால் நெல்லுக்கும் கோதுமைக்கும் பொருந்தின. 1962 முதல் 1971 வரை அமெரிக்க இராணுவம் வியட்நாமின் காடுகள் மீதும் பயிர்கள் மீதும் களைநாசினிகளைக் கொட்டியது. அவற்றுள் பெயர் பெற்ற 'ஏஜன்ட் ஒரேஞ்ச்' என்ற கலவையின் ஒரு பாதி இந்த டூ-ஃபோர்-டி. அங்கு ஏற்பட்ட பெருங்கேட்டுக்குப் பிரதான காரணம் கலவையின் மறு பாதியில் உற்பத்தியின்போது கழிவாகச் சேர்ந்துவிட்ட டயொக்சின் என்ற நஞ்சு. போத்தலின் பெயர்ச்சீட்டில் எழுதியிருக்கும் மருந்தை மட்டும் பார்ப்பது போதாது என்பதை உலகம் அங்குதான் படித்தது. அதனோடு சேர்ந்து வருவதையும் பார்க்க வேண்டும்.

மூன்று மருந்துகள், மூன்று வழிகள்

"மருந்து" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அழைப்பது நமது பழக்கம். ஆனால் அவை உடலில் வேலை செய்யும் விதம் வெவ்வேறு.

கிளைபோசேட்டை மொன்சான்டோ நிறுவனம் 1974 இல் 'ரவுண்டப்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டு வந்தது. தாவரம் தனக்குத் தேவையான மூன்று அமினோ அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தத் தயாரிப்புப் பாதையில் இருக்கும் ஒரு நொதியத்தை கிளைபோசேட் முடக்குகிறது. புரதம் செய்ய முடியாமல் செடி சில நாட்களில் மஞ்சளாகிச் சாகிறது. மனித உடலில் அந்தப் பாதையே இல்லை. அந்த அமினோ அமிலங்களை நாம் சாப்பாட்டிலிருந்து பெறுகிறோம். "மனிதருக்குப் பாதுகாப்பானது" என்ற விளம்பரத்தின் அடித்தளம் இதுதான். வாதம் பொய்யல்ல, ஆனால் முழுமையும் அல்ல. அதே பாதை பல பக்டீரியாக்களிலும் உண்டு. நமது குடலில் வாழ்பவையும் அவற்றுள் அடங்கும். அத்தோடு போத்தலில் இருப்பது கிளைபோசேட் மட்டுமல்ல. இலையில் ஒட்டி உள்ளே இறங்குவதற்காகச் சவர்க்காரம் போன்ற ஒரு பொருளும் சேர்க்கப்படுகிறது. அவ்வகையில் பரவலாகப் பயன்பட்ட ஒன்று, கிளைபோசேட்டை விட மீனினங்களுக்கும் உயிர்க் கலங்களுக்கும் அதிக நஞ்சானது என்று தெரிய வந்ததால், கிளைபோசேட் கலவைகளில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2016 இல் தடை செய்தது.

புரோபனில் நெல் வயலுக்கென்றே வந்த மருந்து. நெற்பயிர் அதைச் சிதைத்துவிடும், களையால் முடியாது. மனித உடலுக்குள் போனால் அதன் சிதைவுப் பொருள் குருதியின் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

பரகுவாட் மூன்றாவது. 'கிரமொக்சோன்' என்று சொன்னால் மூத்தவர்களுக்கு விளங்கும். வெயில் பட்ட சில மணி நேரத்தில் இலையைக் கருக்கிவிடும். மண்ணைத் தொட்டதும் களித் துகள்களோடு இறுகப் பிணைந்து செயலிழந்துவிடுவதால் சூழலுக்கு நல்லது என்று விற்கப்பட்டது. ஆனால் வாய் வழியாக உடலுக்குள் போனால் நுரையீரல் கலங்கள் அதைத் தமக்குள் இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அதன் பின் நுரையீரல் தழும்பேறி, மூச்சு விட முடியாமல் போகும். இதற்கு முறிமருந்து கிடையாது.

தெளித்த பின் எங்கே போகிறது?

தாங்கியிலிருந்து வெளிவரும் மருந்து முழுவதும் களையில் விழுவதில்லை. ஒரு பகுதி காற்றோடு பக்கத்து வயலுக்கும் வளவுக்கும் போகிறது. ஒரு பகுதி மண்ணில் விழுகிறது. ஒரு பகுதி தெளிப்பவரின் உடம்பில் படிகிறது.

கிளைபோசேட் மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளோடு ஒட்டிக்கொள்ளும். நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும். அதற்குச் சில இடங்களில் சில நாட்கள், சில இடங்களில் பல மாதங்கள் எடுக்கும். களிமண்ணில் ஒட்டியது அங்கேயே கிடக்கும் என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. மழை வெள்ளம் மண்ணை அள்ளிப் போகும்போது மருந்தும் கூடவே போகிறது. நமது வயல்களின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். மேல் வயலின் வக்கடையால் வடியும் தண்ணீர் கீழ் வயலுக்குள் பாய்கிறது. அங்கிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து களப்பு. கல்லோயாத் திட்டத்தின் தலைப்பில் அடிப்பவருடைய மருந்து யாருடைய கண்டத்தில் போய் முடியும் என்பதை எந்த வட்டவிதானையாலும் சொல்ல முடியாது.

கரையோரத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. நமது பெரும்பாலான ஊர்கள் மணலின் மேல் இருக்கின்றன, கிணறுகள் ஆழமற்றவை. மணல் களியைப் போல எதையும் பிடித்து வைக்காது. கற்பிட்டிக் குடாநாட்டில் தோட்டங்களுக்கு இட்ட பசளையிலிருந்து நைத்திரேற்று நிலத்தடி நீரில் கலந்திருப்பதை ஆய்வுகள் பல ஆண்டுகளாகக் காட்டி வருகின்றன. பசளை இறங்கும் வழி திறந்திருந்தால், நீரில் எளிதில் கரைந்து மண்ணில் ஒட்டாத களைநாசினிகளுக்கும் அதே வழி திறந்துதான் இருக்கும்.

புற்றுநோய் பற்றிய வழக்கு

2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், கிளைபோசேட் மனிதரில் "புற்றுநோயை உண்டாக்கக் கூடும்" என்ற 2ஏ பிரிவில் அதனைச் சேர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, அப்படி உண்டாக்குவதற்கான சாத்தியம் குறைவு என்றது. அமெரிக்க சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும் அந்தப் பக்கமே நின்றது. சாதாரண வாசகர் இதைக் கேட்டுக் குழம்புவதில் வியப்பில்லை.

இரண்டு தரப்பும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை என்பதைக் கவனித்தால் குழப்பம் ஓரளவு தெளியும். முதலாவது அமைப்பு கேட்பது: இப்பொருளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் இயல்பு இருக்கிறதா? மற்றவை கேட்பது: வழக்கமாக மக்கள் உட்கொள்ளும் அளவில் அது நடக்குமா? கிணறு ஆழமானதா என்று கேட்பதும், இந்தப் பிள்ளை அதில் விழுமா என்று கேட்பதும் வேறு வேறு அல்லவா? அத்தோடு முகவரகம், பகிரங்கமாக வெளியான ஆய்வுகளையே எடுத்துக்கொண்டது. கலவைகள் பற்றிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தது. ஐரோப்பிய அதிகாரசபை தனி கிளைபோசேட்டை மதிப்பிட்டது. நிறுவனங்கள் சமர்ப்பித்த ஆய்வுகளுக்கும் இடம் கொடுத்தது.

2ஏ பிரிவு என்றதும் பயந்துவிடவும் தேவையில்லை. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி அடங்கிய செவ்விறைச்சியும், 65 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகக் குடிக்கும் பானங்களும், இரவு நேர வேலையும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. சான்று எவ்வளவு பலமானது என்பதைத்தான் பிரிவு சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது சொல்வதில்லை.

மருந்தடிக்கும் மனிதர்களையே பின்தொடர்ந்த ஆய்வுகள் இரண்டை இங்கு சொல்லலாம். அமெரிக்காவில் 54,000 க்கும் மேற்பட்ட பீடைநாசினி தெளிப்பாளர்களைப் பல ஆண்டுகள் அவதானித்து 2018 இல் வெளிவந்த ஆய்வு, கிளைபோசேட்டுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் பொதுவான தொடர்பைக் காணவில்லை. 2019 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணித்த இன்னொரு குழு, மிக அதிகமாகப் பாவித்தவர்களிடம் ஹொட்ஜ்கின் அல்லாத நிணநீர்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பு 41 சதவீதம் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. 41 சதவீதம் என்றால் 100 பேரில் 41 பேருக்கு வரும் என்று பொருளல்ல. 100 பேரில் 2 பேருக்கு வரக் கூடிய ஒரு நோய் ஏறக்குறைய 3 பேருக்கு வரும் என்பதே அதன் பொருள். அது சிறிய எண்தான். அந்த மூன்றாவது ஆள் நமது வீட்டில் இருந்தால் சிறியதல்ல.

அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்தது வேறு கதை. 2018 இல் கலிபோர்னியாவில் பாடசாலைத் தோட்டப் பராமரிப்பாளர் ஒருவருக்கு 28.9 கோடி டொலர் வழங்குமாறு ஜூரிகள் தீர்ப்பளித்தனர். மேன்முறையீட்டில் அது பெருமளவு குறைக்கப்பட்டது. மொன்சான்டோவை வாங்கியிருந்த பேயர் நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2020 இல் ஏறக்குறைய 1,000 கோடி டொலர் செலவில் பல்லாயிரம் வழக்குகளை முடிக்க முன்வந்தது. ஜூரித் தீர்ப்பு அறிவியல் முடிவாகாது. ஆனால் வழக்குகளின்போது வெளிவந்த உள் மின்னஞ்சல்கள், சுயாதீனமாகத் தோன்றிய சில கட்டுரைகளில் நிறுவனத்தின் கை இருந்ததா என்ற கேள்வியை எழுப்பின. யார் காசில் யார் ஆய்வு செய்கிறார் என்று கேட்பது வீண் சந்தேகமல்ல என்பது அதனால் தெளிவாயிற்று.

சிறுநீரகம்: அவசரத் தீர்ப்பின் விலை

1990களில் அனுராதபுர, பொலன்னறுவை மாவட்டங்களில் வைத்தியர்கள் ஒரு புதிய நோயாளிக் கூட்டத்தைக் கண்டார்கள். மதவாச்சி, பதவியா போன்ற இடங்களின் விவசாயிகள், பெரும்பாலும் ஆண்கள். சீனி வருத்தமோ அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழந்திருந்தது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது, காட்டும்போது பிந்திவிடும்.

2014 இல் சன்ன ஜயசுமனவும் சக ஆய்வாளர்களும் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். கிளைபோசேட் உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புள்ளது; வட மத்திய மாகாணத்தின் கிணற்று நீர் வன்நீர்; இந்த இரண்டும் சேர்ந்து ஆசனிக் போன்ற நச்சு உலோகங்களைச் சிறுநீரகத்துக்குக் கடத்துகின்றன என்பது அதன் சாரம். கருதுகோள் என்பது நிரூபணமல்ல. சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு எண்ணம். இதற்கு எதிரான கேள்விகளும் வந்தன. கிளைபோசேட் மிகுதியாகப் பாவிக்கப்பட்ட மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஏன் இந்நோய் இல்லை? அங்கு நீர் மென்நீர் என்பது கருதுகோளின் பதில். எல் சல்வடோர், நிக்கரகுவா கரும்புத் தோட்டத் தொழிலாளரிடமும் இதையொத்த நோய் இருக்கிறது. அங்கே கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பதால் உடல் வரண்டு போவதைப் பல ஆய்வாளர்கள் முதன்மைக் காரணமாகச் சொல்கிறார்கள். புளோரைட், கட்மியம், நீரின் வன்மை, வெப்பம், பீடைநாசினி என்று சந்தேக நபர்களின் பட்டியல் நீண்டது. ஒன்றுக்கு மேற்பட்டவை கூட்டுச் சேர்ந்திருக்கலாம் என்பதே இன்று பலரும் ஏற்கும் நிலைப்பாடு.

ஆனால் அரசு காத்திருக்கவில்லை. 2015 இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. களை தடை செய்யப்படவில்லை! தேயிலைத் தோட்டங்கள் வேறு மருந்துகளுக்கு மாறின. கொஞ்சக் காலத்தில் ஜப்பானுக்குப் போன தேயிலையில் எம்.சி.பி.ஏ. எச்சம் வரம்புக்கு மேல் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கிளைபோசேட்டோ களவாக வந்து, பெயர்ச்சீட்டும் அளவுக் குறிப்பும் இல்லாத போத்தல்களில் கைமாறியது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. 2021 இல் இரசாயனப் பசளையும் விவசாய இரசாயனங்களும் ஒரேயடியாக நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது. அந்தப் போகத்தில் வயல்கள் பட்ட பாடு நமக்கெல்லாம் தெரியும். 2022 ஓகஸ்ட்டில் கிளைபோசேட் தடையும் முற்றாக நீங்கியது. தடை வந்ததால் நஞ்சு என்று நிரூபணமாகவில்லை. தடை நீங்கியதால் நல்லது என்றும் நிரூபணமாகவில்லை. "அரசாங்கமே விட்டுட்டுது" என்ற வாதம் இதனால்தான் எடுபடாது.

பரகுவாட் தந்த பாடம்

தடைகள் எல்லாம் வீண் என்று இதிலிருந்து முடிவெடுத்தால் அது பெருந்தவறு. இதே நாட்டில் உலகமே வியந்து பார்த்த தடை ஒன்று நடந்தது.

1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அவற்றுள் பெரும்பாலானவை பீடைநாசினி குடித்து நிகழ்ந்தவை. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், மிகக் கொடிய வகை பீடைநாசினிகள் 1995 அளவில் நீக்கப்பட்டன. 1998 இல் எண்டோசல்பான் நீக்கப்பட்டது. 2008 முதல் 2011 வரை பரகுவாட் உட்பட மூன்று மருந்துகள் படிப்படியாக நீக்கப்பட்டன. 2002 க்கும் 2008 க்கும் இடையில் இலங்கை வைத்தியசாலைகளில் 9,302 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், பரகுவாட் அருந்தியவர்களில் 100 க்கு 40 க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். கிளைபோசேட் பற்றிய இன்னோர் இலங்கை ஆய்வில் 601 பேரில் இறந்தவர்கள் 19 பேர். மருந்துக்கு மருந்து இவ்வளவு வித்தியாசம். 1995 முதல் 2015 வரை தற்கொலை வீதம் ஏறக்குறைய 70 சதவீதம் வீழ்ந்தது. சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கொடிய மருந்துகளை நீக்கியதால் விளைச்சல் குறைந்ததற்கான அடையாளமும் தென்படவில்லை.

இத்தடைகள் வென்றதற்கும் 2015 தோற்றதற்கும் காரணம் தெளிவு. இங்கு கேடு எண்ணி அளக்கப்பட்டிருந்தது, மாற்று மருந்து கையில் இருந்தது, நீக்கம் படிப்படியாக நடந்தது.

இந்த விடயத்தை நமது சமூகத்தில் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஹராம் என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம். நடந்த வீட்டில் மூடி மறைத்துவிடுகிறோம். ஆனால் நஞ்சருந்தியவர்களில் பெரும்பாலோர் நாள்கணக்காகத் திட்டமிட்டவர்கள் அல்லர். ஒரு சண்டை, ஓர் அவமானம், அந்த நேரத்துக் கோபம். எட்டிய தூரத்தில் ஒரு போத்தல். கோபம் அடங்கும் வரை போத்தல் எட்டாமல் இருந்தால் உயிர் தப்புகிறது. ஆகவே மருந்துப் போத்தலைக் குசினியிலோ கட்டிலுக்குக் கீழோ வைக்காமல் வீட்டுக்கு வெளியே பூட்டி வைப்பதும், அதை விட, ஒரு போகத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குவதும் ஓர் உயிரைக் காக்கும் செயல். மனம் உடைந்த ஒருவரை 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேச வைப்பதும் அப்படித்தான்.

தாங்கி யாருடைய முதுகில்?

நகரத்தில் சோறு சாப்பிடும் ஒருவருக்குக் கிடைக்கும் களைநாசினி அளவும், போகம் முழுவதும் கூலிக்கு மருந்தடிக்கும் ஒருவருக்குக் கிடைக்கும் அளவும் ஒப்பிடவே முடியாதவை. மருந்து அதிகமாக உடலுக்குள் போகும் வழி தோல். அதிலும் ஆபத்தான நேரம், தண்ணீர் கலக்காத மருந்தை மூடியில் அளந்து ஊற்றும் நேரம். அதன் பின், ஒழுகும் தாங்கியால் நனைந்த முதுகும், தெளித்த இடத்துக்குள்ளேயே நடந்து போவதால் நனைந்த தொடையும் காலும். போடியாரோ காணிக்காரரோ தாங்கி சுமப்பதில்லை. சுமப்பவர் நாட்கூலிக்காரர், சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, வாயில் ஒரு துணி. "கையுறை போட்டா வேர்க்கிது மச்சான், மறுகா வேலை ஓடாது" என்று அவர் சொல்வதும் உண்மைதான். இந்த வெக்கையில் ஐரோப்பியக் கவச உடை நடைமுறைக்கு வராது.

நடைமுறைக்கு வரக் கூடியவை சில உண்டு. மருந்தைக் கலக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காவது இறப்பர் கையுறை. நீளக் கை, நீளக் கால் உடுப்பு, முழங்கால் வரை சப்பாத்து. காலையில், காற்றுக்கு முதுகு காட்டி அடிப்பது. ஒழுகும் தாங்கியைத் திருத்தும் வரை தூக்காமல் விடுவது. வேலை முடிந்ததும் முதலில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பது, பிறகு பீடியோ வெற்றிலையோ சோறோ. அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்காமல் தனியாகக் கழுவுவது. கழுவும் உம்மாவுக்கும் மனைவிக்கும் இதைச் சொல்லி வைப்பது. தாங்கியை வாய்க்காலில் கழுவாமல், மூன்று தரம் அலசிய தண்ணீரை அடித்த வயலிலேயே தெளித்து முடிப்பது. வெறும் கலனை ஓட்டை போட்டுக் கழிப்பது. மண்ணெண்ணெய்க்கும் குடிதண்ணீருக்கும் எடுத்து வைக்காதிருப்பது. ஒரு முனையில் தாங்கி கழுவப்படும் அதே வாய்க்காலின் மறுமுனையில் அஸருக்கு வுழூ செய்பவர்கள் இருக்கிறார்கள்.

மருந்தின் அளவையே குறைக்கும் வழிகளும் உண்டு. வயலை மட்டமாகச் சமன் செய்து, பயிர் வேர் பிடித்ததும் தண்ணீரைத் தேக்கி வைத்தால் களையில் பெரும் பகுதி முளைக்காது. களை விதை கலக்காத விதைநெல்லும், முதல் உழவில் முளைத்த களையை இரண்டாம் உழவில் புரட்டுவதும் பழைய வழிகள்தான், இன்றும் பலிப்பவை.

தனக்கும் பிறருக்கும் தீங்கு செய்யலாகாது என்பது நமது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று என்று மத்ரஸாப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். அதை நாம் கொடுக்கல் வாங்கலுக்கும் அயல்வீட்டுச் சண்டைக்கும் பாவிக்கிறோம். வரம்புக்கும் வக்கடைக்கும் பாவிப்பதில்லை. விளைந்த நெல்லுக்கு உஷ்ர் கணக்குப் பார்க்கும் காணிக்காரர், அந்த நெல்லுக்கு மருந்தடித்தவருக்கு ஒரு சோடி கையுறையும் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தோமா என்ற கணக்கையும் பார்க்கலாம். புற்றுநோய்க்கும் சிறுநீரகத்துக்கும் ஆன விடையை ஆய்வாளர்கள் தேடட்டும். கூலியாளின் ஈரமான முதுகுக்கு ஆய்வு எதுவும் தேவையில்லை; அடுத்த போகத்துக்கு முன் தாங்கியின் வாசரை மாற்றினால் போதும்.